தாளும் பென்சிலும் போதுமா?

“கோட்பாட்டுப் பௌதிகத்துக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை, தாளும் பென்சிலும் போதும். வறிய நாட்டுக்கு அதுவே ஏற்ற விஞ்ஞானம்” என்பார் உளர். அங்ஙனமாயின், அது நம் மண்ணில் ஆழ வேரூன்றாதது ஏன்?

1918இல் பிறந்த சி. ஜே. எலியேசர் கேம்பிறிட்ஜில் டிறாக்கிடம் பயின்றவர். இலத்திரனின் இயக்கம் பற்றிய தேற்றமொன்று அவர் பெயரால் வழங்குகிறது. கொழும்பிலே கணிதப் பேராசிரியராயிருந்த அவர், 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்து மூன்றாண்டு கழிந்து, 1959இல் மலாயாவுக்குச் சென்றார், 1968இல் அவுஸ்திரேலியாவுக்கு. தாளும் பென்சிலும் அவரோடு சென்றன.

சரக் கோட்பாட்டறிஞர் அசோக் சென்னோ வெளிநாட்டில் பயின்று இந்தியாவுக்குத் திரும்பினார். அலகாபாத் ஆய்வுநிலையத்திலிருந்தே 2012இல் அடிப்படைப் பௌதிகப் பரிசு பெற்றார். அறிவு தங்குவதற்கு ஆசனமும் நூலகமும் வாதிடத் தக்க தோழரும் வேண்டும். அங்கே அரசு அவற்றை அமைத்தது. இங்கே 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது.

ஆயினும் பழி முழுதும் அரசினதன்று. விஞ்ஞானமென்றால் வைத்தியமும் பொறியியலுமே எனப் பிள்ளைகளை ரியூட்டறிகளுக்கு ஓட்டுவோர் நாமல்லவா? ‘ஏன்’ என்று கேட்கும் மாணவனைப் “பரீட்சைக்கு வராது” என அடக்குவோரும் ஆசிரியராகிய நாமே.

போனவரை ‘நம்மவர்’ எனப் புகழ்ந்தது போதும். இருப்பவர் இங்கேயே தங்கிச் சிந்திக்க இடங்கேட்டுப் போராடுவோம். அப்போராட்டம் நம் வகுப்பறையில் தொடங்கட்டும்.