கறவை மாட்டுக் கண்காணிப்புப் பட்டை: கோரிக்கை மனு

பெறுநர்: இயக்குநர் அவர்கள், கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் துறை, சென்னை.

அனுப்புநர்: பால் உற்பத்தியாளர் சங்கத்தார், ஈரோடு மாவட்டம்.

பொருள்: கண்காணிப்புக் கழுத்துப்பட்டை சிறு விவசாயிகளுக்கும் பயன்பட வழிசெய்யக் கோருதல்.

ஐயா,

புதுத் தொழில்நுட்பம் என்றால் விவசாயி தயங்குகிறார் என்ற பேச்சு அடிக்கடி எங்கள் காதில் விழுகிறது. அது சரியல்ல. சினை ஊசியையும் கறவை இயந்திரத்தையும் ஏற்றவர்கள் நாங்கள். மாட்டின் நடமாட்டத்தையும் அசைபோடும் நேரத்தையும் கணக்கிட்டு, சினைப் பருவத்தையும் நோயின் தொடக்கத்தையும் கழுத்துப்பட்டை சொல்லிவிடும் என்பது எங்களுக்கு நன்றாகவே புரிகிறது. ஒரு பருவம் தவறினால் அடுத்ததற்கு சுமார் 21 நாள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாள் தீவனச் செலவும் எங்கள் தலையில்தான். எருமையோ பல நேரம் கத்தாமலே ஊமைப் பருவமாகக் கடத்திவிடும்.

எங்கள் உறுப்பினரான ஒரு அம்மா கடன்பட்டு இரண்டு பட்டைகள் வாங்கினார். அவரிடம் இருப்பது பட்டன் போன். ஆகவே பட்டையின் தகவல் வரும் செயலியைத் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் போனில் ஏற்றினார்கள். ஒரு சனிக்கிழமை இரவு மாடு பருவத்துக்கு வந்தது. தகவல் ஆங்கிலத்தில் போயிற்று. இரவுப் பணி முடிந்து மகன் பார்த்தபோது விடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சினை ஊசி போட ஆள் கிடைக்கவில்லை. திங்களன்று மாடு அடங்கிவிட்டது. பிறகு பேட்டரியும் தீர்ந்தது. விற்ற நிறுவனத்திலிருந்து யாரும் வரவில்லை. பட்டை இன்றும் தொழுவத்து ஆணியில் தொங்குகிறது. இதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் எப்படித் துணிந்து வாங்குவார்கள்?

எனவே முதன்மையாக நாங்கள் கேட்பது ஆள்பலம். விடுமுறை நாளிலும் சினை ஊசி போடுபவர் வர ஏற்பாடு வேண்டும். அது இல்லாமல் பட்டை கொடுத்துப் பயனில்லை. தகவல், மாட்டைப் பராமரிப்பவருக்கே தமிழில் குரல் அழைப்பாக வரவேண்டும். இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர் முழு விலை கொடுக்க இயலாது. சங்கமே வாங்கி வாடகைக்கு விட மானியம் தந்து, வாடகையைப் பால் பட்டுவாடாவில் தவணையாகப் பிடிக்கலாம். பழுது நீக்கும் பொறுப்பை விற்பவர் மீது எழுத்துப்பூர்வமாகச் சுமத்த வேண்டும். எங்கள் கலப்பினப் பசுக்களிடமும் எருமைகளிடமும் சோதித்த பட்டைகளுக்கே மானியம் என்று விதி வகுக்க வேண்டும்.

மாட்டின் விவரம் விவசாயிக்கே உரியது. எங்கள் சம்மதமின்றி அதை வியாபாரிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ தரக்கூடாது. காதுத் தோட்டில் ஏற்கெனவே 12 இலக்க எண் இருக்கிறது. அந்த எண்ணிலேயே பட்டைத் தகவலையும் சேர்த்தால் கால்நடை மருத்துவருக்கும் உதவும்.

ஓராண்டுச் சோதனைக்கு எங்கள் மாடுகளையும் சங்கக் கட்டடத்தையும் தரத் தயாராக இருக்கிறோம். அடுத்த நிதியாண்டிலேயே இதைத் தொடங்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள், உறுப்பினர்கள்.