தொட்டாச்சிணுங்கி என்றால் இளக்காரமா?

ஒரு சொல் சொன்னதும் முகம் வாடும் பெண் பிள்ளையை, 'சரியான தொட்டாச்சிணுங்கி' என்று கேலி செய்கிறோம். அந்தச் செடியை வளர்த்துப் பார்த்தால் இப்படிச் சொல்ல மனசு வராது.

அமெரிக்க மண்ணிலிருந்து வந்து, நம் தரிசு நிலத்திலும் வேரூன்றிய செடி அது. விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸே அதை ஆராய்ந்திருக்கிறார். தொட்டால், காம்பின் அடியில் உள்ள நீர் இடம் மாறி இலை மடங்கும். சில நிமிஷத்தில் தானே விரியும். தண்டில் முள் உண்டு. வேர் முடிச்சில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனையே உரமாக்கித் தரும்.

எங்கள் ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்து ஒண்டுக்குடித்தனங்களில் தோட்டத்துக்கு இடமேது? அடியில் ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் வாளி போதும். விதையைச் சுடுதண்ணீரில் போட்டு, ராத்திரி முழுக்க ஊற வைத்து, மணல் கலந்த செம்மண்ணில் விதையுங்கள். மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. ரோஸ் நிறத்தில் பஞ்சு உருண்டையாகப் பூக்கும். தரையில் மட்டும் விடாதீர்கள், களையாகப் பரவிவிடும்.

விதைக்கிற வேலையை மகளிடமே கொடுங்கள். இனி யாராவது கேலி செய்தால், 'அதுக்கு முள்ளும் இருக்கு' என்று அவளே பதில் சொல்லிக் கொள்வாள்!

- ஒரு வாசகி, திருவொற்றியூர்.