பலகையில் அணைந்த ஒரு கோடு

 

எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் காட்டும் மின்னொளிப் பலகையொன்று உண்டு. கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் தம் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து அமைத்துத் தந்தது. 2023ஆம் ஆண்டு ரமலானில் ஒரு மாலை, மக்ரிபு நேரம் 6.28 எனக் காட்டவேண்டிய அப்பலகை 6.26 எனக் காட்டிற்று. எட்டின் வலப்புற மேற்கோடு அணைந்தால் அது ஆறாகிவிடும் அல்லவா! முஅத்தின் அவர்கள் அச்சிட்ட அட்டவணையைப் பார்த்தே பாங்கு சொல்பவர். ஆனால் அவர் பாங்கு சொல்லுமுன்பே மூவர் பலகையை நம்பிப் பேரீச்சம்பழத்தை வாயிலிட்டுவிட்டனர். அந்நோன்பை அவர்கள் பின்னர் களாச் செய்ய நேர்ந்தது.

பிள்ளைகளைக் கடிந்தோர் பலர். நான் அவர்களை அழைத்துக் காரணம் கேட்டேன். கலைப்பாடம் பயின்ற எனக்கு விளங்குமாறு அவர்கள் பொறுமையாகவே சொன்னார்கள். இத்தகைய பலகை செய்ய முனையும் பிள்ளைகள் உங்கள் இல்லத்திலும் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஓர் எண்ணுக்கு ஏழு ஒளிக்கோடுகள். நான்கு எண்களுக்கு இருபத்தெட்டு. கட்டுப்படுத்தும் சில்லில் அத்தனை கால்கள் இருப்பதில்லை. ஆகவே 74எச்சி595 எனும் ஷிப்ட் ரிஜிஸ்டரை இடையில் வைக்கிறார்கள். ஸஃப்பில் ஒருவர் நகர்ந்து இடமளிக்க அடுத்தவர் வந்து நிற்பதுபோல், ஒரே கம்பி வழியாக வரும் செய்திகள் இதனுள் எட்டு இடங்களில் வரிசையாக நின்றுகொள்கின்றன. விலையும் மலிவு. ஆயின் செய்தியைக் கடத்துவதே இதன் வேலை, சுமை தாங்குவதன்று. சில்லு முழுவதற்கும் ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியரே எல்லை. கோட்டுக்கு 20 மில்லி ஆம்பியர் வீதம் கொடுத்தால் 'ஒன்று' ஒளிரும்போது 40தான், குறை தெரியாது. 'எட்டு' வரும்போது 140! நம் பிள்ளைகள் செய்த பிழை இதுவே. ஒவ்வொரு கோட்டுக்கும் தக்க மின்தடையை இட்டு, 8 மில்லி ஆம்பியருக்குள் நிறுத்தியிருந்தால் அச்சில்லு பிழைத்திருக்கும். ஆனால் வெளிச்சம் பின்வரிசைக்கு எட்டியிராது.

ஒளியூட்டுவதற்கென்றே பிறந்த சில்லுகள் வேறு. மேக்ஸ் 7219 என்பது எட்டு எண்களை, அதாவது 64 ஒளிப்புள்ளிகளை, தானே முறைவைத்து ஏற்றும். கண்ணுக்குத் தெரியாத விரைவில் ஒவ்வோர் எண்ணாக ஒளிர்ந்து மாறும். ஒரே ஒரு மின்தடை போதும். வெளிச்சத்தைப் பதினாறு படிகளில் கூட்டலாம், குறைக்கலாம். மின்சாரம் போய் வந்தால் இருளில் அமைதியாக இருந்து, கட்டளை வந்தபிறகே விழிக்கும். ஷிப்ட் ரிஜிஸ்டரோ, வெளியீட்டை அடக்கும் காலைக் கவனியாமல் விட்டால், தாறுமாறான கோடுகளைக் காட்டும். நம்மூர் மின்வெட்டில் இது சிறு செய்தியன்று.

அப்படியானால் மேக்ஸ் 7219ஐயே வாங்கிவிடலாமா? வீட்டு மேசைக் கடிகாரத்திற்குச் சரி. பள்ளிவாசல் பலகையின் எண்கள் பெரியவை. ஒரு கோட்டிலேயே பல ஒளிப்புள்ளிகள் தொடராக நிற்கும். 5 வோல்ட்டில் இயங்கும் அச்சில்லால் அவற்றை ஏற்ற இயலாது. அங்கே டிபிஐசி 6பி595 வேண்டும். அதுவும் ஷிப்ட் ரிஜிஸ்டர்தான், ஆனால் தோள்வலிமை உடையது: ஒரு வழிக்கு 150 மில்லி ஆம்பியர், 50 வோல்ட் வரை தாங்கும். மின்னோட்டத்தை உள்ளிழுக்க மட்டுமே அறியும். ஆகவே பொது நேர்முனை கொண்ட எண்களையே வாங்கவேண்டும். இதனை அறியாமல் மாற்று வகையை வாங்கிவந்து, கடைக்காரரிடம் வாதிட்ட கதையும் எங்கள் பிள்ளைகளிடம் உண்டு!

பலகையை இப்போது அவ்வாறே மாற்றிவிட்டார்கள். அஸர் தொழுகை முடிந்ததும் எல்லா இடங்களிலும் ஐந்து வினாடி 'எட்டு' ஒளிரும். ஏதேனும் கோடு அணைந்திருக்கிறதா என்று முஅத்தின் நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறார். அட்டவணையையும் சட்டைப்பையிலிருந்து அவர் எடுத்துவிடவில்லை.