பந்து உருளும் நாள் எது? தேதி தெரியாமல் தவித்த ரசிகர்கள்!

ராமநாதபுரம் கடற்கரையில் வாழ்பவர்களுக்குக் காத்திருப்பது புதிதல்ல.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ந் தேதி முதல் ஜூன் 14-ந் தேதி வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்படும் தடைக்காலம் அது. வருமானம் இல்லை. கஷ்டம்தான். ஆனாலும் ஓர் ஆறுதல் உண்டு. தடை எந்த நாளில் முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குள் படகுக்கு வர்ணம் அடிக்கலாம். வலையைச் சரி பார்க்கலாம்.

கால்பந்து ரசிகருக்கு அந்த ஆறுதல்கூட 2025-ம் ஆண்டில் கிடைக்கவில்லை!

தொண்டி முதல் ராமேசுவரம் வரை மாலை வேளையில் மணலில் பந்து உதைக்கும் பையன்கள் பலர். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு டெலிவிஷன் முன்னால் உட்காரும் ரசிகர்களும் பலர். இவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்த ஆண்டு பந்தயம் உண்டா, இல்லையா?"

7 மாதம் இழுபறி

நம் நாட்டின் பெரிய கால்பந்து போட்டி இந்தியன் சூப்பர் லீக். 2014-ம் ஆண்டு 8 அணிகளுடன் தொடங்கியது. வழக்கமாக செப்டம்பர் அல்லது அக்டோபரில் ஆரம்பமாகும்.

2025 ஜூலையில் திடீர் என்று ஓர் அறிவிப்பு வந்தது. "போட்டி நிறுத்தி வைக்கப்படுகிறது" என்றார்கள். எதுவரை என்று சொல்லவில்லை.

ஆகஸ்டு மாதம் அடுத்த இடி விழுந்தது. நம் சென்னையின் எப்.சி. அணி, தன் வேலைகள் அனைத்தையும் நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. பெங்களூர் அணி, ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தது.

ரசிகருக்குப் பொழுதுபோக்கு போயிற்று. ஆட்டக்காரருக்கோ பிழைப்பே போயிற்று! கால்பந்து வீரர் ஒருவர் நன்றாக ஆடும் காலம் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள்தான். அதில் பாதி ஆண்டு வீணாவது என்பது சின்ன விஷயம் அல்ல.

ஏன் இந்த நிலை?

இதைப் புரிந்துகொள்ள, ஊர்க் கண்மாயின் மீன் குத்தகையை நினைத்துப் பார்த்தால் போதும்.

குத்தகை எடுத்தவர் குஞ்சு விடுவார், காவல் போடுவார். ஆனால் குத்தகை முடியப் போகிறது, அடுத்த ஆண்டு யார் கைக்குப் போகும் என்று தெரியாது என்றால், அவர் புதிதாகக் காசு போடுவாரா?

கால்பந்திலும் இதே கதைதான். 2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம், போட்டிகளின் வியாபார உரிமையை 15 ஆண்டுகளுக்கு ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. அதற்காக ஆண்டுக்கு ரூ.50 கோடி சம்மேளனத்துக்கு வந்துகொண்டிருந்தது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ந் தேதியோடு முடிவதாக இருந்தது.

வழக்கம்போல் போட்டி தொடங்கினால், பாதியிலேயே ஒப்பந்தம் முடிந்துவிடும். அப்புறம் யார் பொறுப்பு? அதனால் கம்பெனி கையை விரித்தது.

"முன்னாலேயே புது ஒப்பந்தம் போட்டிருக்கலாமே" என்று கேட்கலாம். அதிலும் ஒரு சிக்கல். சம்மேளனத்தின் சட்ட விதிகள் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் இருந்தது. தீர்ப்பு வரும்வரை புது ஒப்பந்தம் முடிவாகவில்லை. 2025 செப்டம்பர் 19-ந் தேதிதான் தீர்ப்பு வந்தது. பிறகு டெண்டர் விட்டார்கள். நவம்பர் 7-ந் தேதி கெடு முடிந்தது.

ஒருவர்கூட டெண்டர் போடவில்லை!

தேதி பிறந்தது

கடைசியில் 2026 ஜனவரியில் மத்திய விளையாட்டுத் துறை மந்திரி மன்சுக் மாண்டவியா அறிவித்தார்: 14 அணிகளுடன் பிப்ரவரி 14-ந் தேதி போட்டி தொடங்கும்!

ரசிகர்கள் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் முழு விருந்துக்குக் காத்திருந்தவருக்கு அரைச் சாப்பாடுதான் கிடைத்தது.

முந்தைய ஆண்டு ஒவ்வோர் அணியும் 24 ஆட்டங்கள் ஆடின. இந்த முறை ஓர் அணிக்கு 13 ஆட்டங்கள்தான். ஒவ்வொரு அணியையும் ஒரு தடவை மட்டுமே சந்திக்க வேண்டும். மொத்தம் 91 ஆட்டங்கள்.

இதில் உள்ள கணக்கைக் கவனிக்க வேண்டும். 24 ஆட்டத்தில் முதல் மூன்றில் தோற்றாலும், மீதி 21 இருக்கும், மெல்ல எழுந்துகொள்ளலாம். 13 ஆட்டத்தில் முதல் மூன்று போனால், மீதி பத்துதான். ஆரம்பத்திலேயே தடுக்கி விழுந்தவர் எழுவதற்குள் ஆண்டே முடிந்துவிடும். தொடக்கத் தோல்வி ஒவ்வொன்றுக்கும் ரசிகரின் வயிறு கலங்குவது இதனால்தான்.

ஏற்றமும் இறக்கமும்

சென்னையின் அணியை ரசிகர்கள் கைவிடாததற்குக் காரணம் உண்டு.

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரை இறுதி ஆட்டத்தைப் புனாவில் போய் ஆடினார்கள். அதில் வென்று, கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள். அங்கே ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருந்தபோது 2-1 என்று பின்தங்கினார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்த வேளையில் இரண்டு கோல்கள் விழுந்தன! 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. 2018 மார்ச்சில் பெங்களூர் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே வீழ்த்தி, இரண்டாவது முறையும் வாகை சூடினார்கள்.

ஆனால் 2024-25 போட்டியில் 13 அணிகளில் 11-வது இடம்தான் கிடைத்தது.

ரசிகரின் மனம் 11-வது இடத்தைப் பார்க்கும்போது சலிக்கிறது. 2015-ஐ நினைக்கும்போது துளிர்க்கிறது.

தூரமும் ஒரு தடை

ராமேசுவரத்து ரசிகருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஓர் ஆட்டம் பார்க்க 500 கிலோ மீட்டருக்கு மேல் போக வேண்டும். ஓர் இரவு ரெயில் பயணம்.

அதுவும் 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரெயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதிய பாலம் திறக்கப்படும்வரை, தீவு மக்கள் ரோட்டுப் பாலத்தைக் கடந்து வந்துதான் ரெயில் ஏற வேண்டியிருந்தது. ரெயில் ஓடத் தொடங்கி மூன்று மாதம் கழிந்ததும் பந்து நின்றுவிட்டது!

குட்டித் தீவின் சாதனை

இந்தியாவின் நிலை என்ன? 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பை இழந்தது. நவம்பர் 18-ந் தேதி டாக்காவில் வங்காளதேசத்திடமும் 1-0 என்று தோற்றது.

அதே நாளில் உலகின் மறு கோடியில் ஓர் அதிசயம் நடந்தது. குரசாவ் என்ற குட்டித் தீவு, 2026 உலகக் கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அங்கே மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்றரை லட்சம்தான். 2011 கணக்குப்படி ராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 13 லட்சத்து 53 ஆயிரம்!

அந்தத் தீவின் வீரர்களில் பெரும்பாலோர் ஹாலந்தில் பிறந்து, அங்கேயே பயிற்சி பெற்றவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதாவது, ஆள் எண்ணிக்கை அல்ல, சின்ன வயதில் கிடைக்கும் பயிற்சியும், தடையில்லாமல் நடக்கும் போட்டிகளும்தான் ஆட்டக்காரரை உருவாக்குகின்றன.

கடற்கரையின் பிள்ளைகள்

நம் கடற்கரையில் திறமைக்குப் பஞ்சம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர ஊரான இரையுமன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், 2020 மார்ச்சில் கோப்பை வென்ற கொல்கத்தா அணியில் இருந்தார். அந்த இறுதி ஆட்டத்தில் தோற்றது எந்த அணி தெரியுமா? நம் சென்னையின் அணிதான்!

பெண்களும் சளைத்தவர்கள் அல்ல. சேதுபதிகள் ஆண்ட இந்தச் சீமைக்கு உரிமையான "சேது" என்ற பெயரைத் தாங்கியது மதுரையின் சேது எப்.சி. பெண்கள் அணி. 2019 மே மாதம் லூதியானாவில், மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று, இந்தியப் பெண்கள் லீக் கோப்பையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. 2022-ல் தொடர்ந்து 10 ஆட்டங்களில் வென்று, கடைசி ஆட்டத்தில் மட்டும் தோற்று, இரண்டாம் இடம் பெற்றது.

ரசிகர் கேட்பது என்ன?

கோப்பை வேண்டும் என்று ஆசைப்படாத ரசிகர் இல்லை. ஆனால் 2025-ம் ஆண்டின் அனுபவத்துக்குப் பிறகு, அவர் கோப்பைக்கும் முன்னால் மூன்று விஷயங்களைக் கேட்கிறார்.

ஒன்று: ஆட்டக்காரருக்கு மாதம் தவறாமல் சம்பளம்.

இரண்டு: சென்னையில் மட்டும் அல்லாமல், கடலோர ஊர்களிலும் பையன்களும் பெண்களும் ஆட நல்ல மைதானம், நல்ல பயிற்சியாளர்.

மூன்று: போட்டி எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று முன்கூட்டியே ஒரு தேதி.

தோல்வியை ரசிகர் தாங்கிக்கொள்வார். வெறும் வலையோடு கரை திரும்பிய மீனவர் மறுநாளும் கடலுக்குப் போகத்தானே செய்கிறார்! கடலே மூடிக் கிடந்தால்தான் அவருக்குப் போக்கிடம் இல்லை.

மீனுக்குக்கூடத் தடைக்காலம் 61 நாள் என்று கணக்கு உண்டு. பந்துக்கும் ஒரு கணக்கு வேண்டாமா?