சொல்லாமல் சொல்லும் உள்ளான்

ஆறே நிமிடம். அதிலே ஒரு சொல் இல்லை. ஒரு மனிதன் இல்லை. ஒரு தாய்ப் பறவை, ஒரு குஞ்சு, ஒரு கடல், இவ்வளவே கதை! அமெரிக்க நாட்டு பிக்ஸார் நிறுவனத்தார் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட 'பைப்பர்' எனும் கார்ட்டூன் படத்தையே குறிப்பிடுகிறேன். ஆலன் பாரில்லாரோ இயக்கிய அப்படம் 2017 பிப்ரவரியில் ஆஸ்கார் பரிசும் பெற்றது.

"அரசியல் பேச வேண்டிய இடத்தில் குருவிக் கதையா?" என்று கேட்கும் தோழர்கள் இருக்கக்கூடும். பொறுத்தருள்க!

மணலில் இரை தேடக் கற்றுத் தருகிறது தாய். ஊட்டிவிட மறுக்கிறது, உழைத்துண்ணப் பழக்குகிறது. குஞ்சு இறங்குகிறது; அலை மோதுகிறது; நனைந்து நடுங்கிக் கூட்டுக்குள் ஒடுங்குகிறது. பசியோ விடவில்லை. சங்கைச் சுமந்து திரியும் சிறு நண்டொன்று, அலை வரும்போது மணலில் புதைந்து, அலை போனதும் எழுவதைக் காண்கிறது. தானும் புதைகிறது. நீருக்கடியில் கண் திறக்கிறது. அடடா! எங்கும் சிப்பிகள்! அஞ்சிய இடத்திலேயே அன்னம் இருந்தது!

பெருமுதலாளி நிறுவனத்தின் படமாயிற்றே என்பீர்கள். ஆம், ஆனால் இறகு இறகாக அதை உருவாக்கியது உழைக்கும் கலைஞரின் கை. மேடைப் பேச்சிலே வளர்ந்தவர்கள் நாம். சொல்லின் வலிமையை அறிவோம். சொல்லின்றி உள்ளம் தொடும் கலையின் வலிமையையும் அறிதல் வேண்டும். காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளையும், பீகாரிலிருந்து எண்ணூருக்குப் பிழைக்க வந்த தொழிலாளியின் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே நொடியில் சிரிக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், எவர் மொழியும் எவர் மீதும் ஏற வேண்டாம்!

உள்ளான் நமக்கு அந்நியப் பறவையா? அன்று! குளிர்காலந்தோறும் வடபுலத்திலிருந்து பறந்து வந்து, பழவேற்காட்டிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சேற்றைக் கிளறி இரைதேடும் இனம் அது. அப்படம் பரிசு பெறுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னே, 2017 சனவரி 28 அன்று, எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதின. எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளி வாளியாகக் கையால் அள்ளினர் மக்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகமெங்கும் பரவியது. கூழைக்கடாக்கள் இறகில் எண்ணெய் ஒட்டித் தவித்தன. மீனவர் வலையும் படகும் பாழாயின.

அக்குஞ்சு அன்று எண்ணூர் நீருக்கடியில் கண் திறந்திருந்தால் எதைக் கண்டிருக்கும்? அச்சத்தை வெல்லத் தாய் கற்றுத் தரலாம். தூய நீரை எந்தத் தாய் தருவாள்? நீரைக் கெடுக்காதிருத்தல் ஆலையின் கடமை. கெடுக்கவிடாதிருத்தல் அரசின் கடமை. கேட்டுப் பெறுதல் மக்களின் கடமை.

எனவே, இராயபுரம் முதல் எண்ணூர் வரை படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிறு காலை, சன்னலை அடைத்து, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, இப்படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முன்னுரை வேண்டாம், தலைமையுரையும் வேண்டாம்! படம் முடிந்ததும் அவர்களைக் கழிமுகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, நமது அடுத்த பொதுக்கூட்டத்தின் தலைப்பாக அமையட்டும்!