மலை அங்கேயே இருக்கும்... நாமும் இருக்கணுமே!

சினிமா நட்சத்திரங்கள் மேக்கப் போட்டுக்கொள்ளும் வண்டி. ‘கேரவன்’ என்றால் நமக்கு அப்படித்தான் அறிமுகம். இப்போது அது குடும்பத்தோடு டூர் போகும் வண்டியாகவும் மாறி வருகிறது. படுக்கை, குட்டிச் சமையல்கட்டு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனித் திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் வாடகை கேரவனில் மலையேறும் ஆசை பலருக்கு வந்துவிட்டது.

கோவையில் இப்படி ஆசைப்பட்ட ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தாத்தா, அம்மிச்சி, மகள், மாப்பிள்ளை, இரண்டு பேரப்பிள்ளைகள். தாத்தாவுக்கு ஒரே ஒரு ஆசை. அவலாஞ்சியிலிருந்து கொலாரிபெட்டா சிகரத்துக்கு நடந்துபோக வேண்டும். உயரம் சுமார் 2,630 மீட்டர். நீலகிரியிலேயே உயரமான தொட்டபெட்டாவைவிடச் சில மீட்டர்தான் குறைவு. இளவயதில் நண்பர்கள் கூப்பிட்டபோது ஷிஃப்ட் விடவில்லை. பிறகு கல்யாணம், குழந்தைகள், கடன். இப்போது நேரம் இருக்கிறது, மூட்டுதான் முரண்டு பிடிக்கிறது. “இந்த வருஷம் போனாத்தான் உண்டு” என்று அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, 2025 மே மாதக் கடைசி வாரத்தில் போகலாம் என்று முடிவாகிறது. அரசின் ‘டிரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் முன்பதிவு. கேரவனுக்கு இ-பாஸ். பிள்ளைகளுக்கு ஜூன் மாதம்தான் பள்ளி திறக்கும். பருவமழையும் ஜூன் மாதம்தானே?

அந்தக் கணக்குதான் தப்பிப்போனது.

மழை போட்ட கணக்கு

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ம் தேதி வாக்கில் தொடங்கும். 2025-ல் மே 24 அன்றே தொடங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்தது அதுவே முதல்முறை. நீலகிரிக்கு ‘ரெட் அலர்ட்’ விடுக்கப்பட்டது. மே 25 ஞாயிறு, 26 திங்கள் இரண்டு நாளும் சுற்றுலாத் தலங்கள் மூடப்பட்டன. ஊட்டி–கூடலூர் சாலையில் 8-வது மைல் அருகே மரம் விழுந்து, கேரளத்திலிருந்து சுற்றுலா வந்திருந்த 15 வயதுச் சிறுவன் உயிரிழந்தான்.

நம் குடும்பம் சனிக்கிழமையே குன்னூர் வந்து, தெரிந்தவர் வீட்டு வளாகத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த நீள வண்டியைத் திருப்பி ஏற்றியதில் டிரைவருக்குக் கை கழன்றுவிட்டது. ராத்திரி முழுக்கக் கூரைமேல் மழை. காலையில் போனைப் பார்த்தால், மலையேற்றம் ரத்து.

தாத்தா எதுவும் பேசவில்லை. புதிதாக வாங்கிய ஷூவைத் திரும்ப அட்டைப் பெட்டிக்குள் வைத்தார்.

டீக்கடை யோசனை

மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் மாப்பிள்ளை டீ வாங்கப் போனார். டீக்கடையில் ஒருவர், “எஸ்டேட்டுக்குள்ள ஒரு வழி இருக்குங்க. கேட்டுக்குப் போகவே வேண்டாம். ஆளுக்கு ஆயிரம் குடுங்க, சாயங்காலத்துக்குள்ள கூட்டிட்டுப் போய் வந்துர்றேன்” என்றார். மாப்பிள்ளை சூடான வர்க்கியோடு இந்தச் சேதியையும் கொண்டுவந்தார்.

“மாமா, போயிட்டு வந்துரலாமுங்களா? மழைதான் விட்டுருச்சே.”

தாத்தாவின் முகத்தில் வெளிச்சம். அம்மிச்சிதான் குறுக்கே வந்தார்.

“ஏனுங்க, உங்க ஆசை எனக்குத் தெரியாதுங்களா? ஆனா கேட்டைப் பூட்டுனவங்க சும்மாவா பூட்டுவாங்க? மலை அங்கயேதான் இருக்கும். நாமளும் இருக்கோணுமுல்ல!”

அம்மிச்சி சொன்னதற்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தார்கள். முறையான அனுமதி இல்லாமல் போன பயணம் அது. யார் எங்கே போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டியவர்களுக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என மூன்று வகை. கூட வருபவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர், பழங்குடி வழிகாட்டிகள்.

டீக்கடையில் கிடைத்த ‘வழி’யில் இது எதுவும் கிடையாது. கால் பிசகினால் தேடி வருவதற்குக்கூட, நீங்கள் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. அவலாஞ்சி மழையும் சாதாரண மழை இல்லை. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மழை விட்டுவிட்டது என்று நாம் நினைக்கும்போதும் ஊறிப்போன மண் சரியும், வேர் பிடி விட்ட மரம் சாயும்.

எப்போதுதான் போவது?

நீலகிரியில் நடப்பதற்கான நாட்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. காட்டுத்தீ அபாயத்தால் 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலையேற்றப் பாதைகள் மூடப்பட்டன. அதற்கப்புறம் மே கடைசி வரை கோடைக் கூட்டம். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் பலியானதை மறந்துவிடக் கூடாது. ஆக, வானம் தெளிந்திருக்க அதிக வாய்ப்புள்ளது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரைதான். குளிர் நடுக்கும், ஆனால் பாதை காய்ந்திருக்கும்.

கேரவனில் போகிறவர்கள் இன்னும் சில விஷயங்களை யோசிக்க வேண்டும்.

* வெளி மாவட்ட வண்டி என்றால் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நீலகிரிக்கு வரம்பும் இருந்தது.

* இரவு எங்கே நிறுத்துவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். காட்டோரச் சாலையில் நிறுத்திச் சமைப்பதும் தூங்குவதும் யானைக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. மழை நாளில் மரத்தடியும் மண்மேட்டின் அடியும் ஆகவே ஆகாது.

* இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் முதல், இரண்டாம் கியரிலேயே இறங்க வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு எப்போதும் வழி விட வேண்டும்.

* திட்டத்தில் ஒரு நாளாவது சும்மா விட்டுவையுங்கள். மலைக்கு முன்னால் நம் காலண்டர் செல்லாது.

இன்னொரு வழி

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குள்ளேயே கழிந்தது. பேரப்பிள்ளைகள் ஜன்னல் பனியில் விரலால் யானை வரைந்தார்கள். அம்மிச்சி அரிசியும் பருப்பும் போட்டுச் சுடச்சுடச் சாதம் பொங்கினார். தாத்தா முதல்முறையாக, அந்த நாளில் ஷிஃப்ட் விடாத சூப்பர்வைசரைப் பற்றியும், தன்னை விட்டுவிட்டு மலையேறிய நண்பர்களைப் பற்றியும் கதை சொன்னார். மகளுக்கே தெரியாத கதைகள் அவை.

சாயங்காலம் மகள் மெதுவாகக் கேட்டாள். “அப்பா, கொலாரிபெட்டாவேதான் வேணுங்களா?”

உண்மையில், மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை. உடம்பின் பாரம் முழுக்க முழங்காலில் இறங்கும். அதே நீலகிரியில் கோத்தகிரி பக்கம் லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர் சோலைக்காடு. 2024-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. ‘டிரெக் தமிழ்நாடு’ பாதைகளில் அதுவும் ஒன்று. சிகரம் கிடையாது, மரங்களும் பறவைகளும் ஊற்றுநீரும் உண்டு. மூன்று தலைமுறையும் சேர்ந்தே நடக்கலாம்.

தாத்தா கொஞ்ச நேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொலாரிபெட்டா இனி இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அது சின்ன இழப்பு ஒன்றும் இல்லை. அதை யாரும் சமாதானம் சொல்லி ஆற்றவும் முயலவில்லை.

“அங்க அட்டைப்பூச்சி இருக்குமா தாத்தா?” என்றான் சின்னவன்.

“மழையில போனா இருக்கும் கண்ணு. நாம தைப்பொங்கல் முடிஞ்சு போலாம்” என்றார் தாத்தா. ஷூ பெட்டியை எடுத்து, மழைச்சாரல் படாத மேல் தட்டில் வைத்தார்.