தேடினால் கிடைக்குமா நம் தமிழ்?

தமிழில் எழுதுகிறோம், இணையத்தில் ஏற்றுகிறோம். அத்துடன் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். முடியவில்லை, நண்பர்களே! தேடுபவருக்குக் கிடைக்காத எழுத்து, பூட்டிய அலமாரியில் கிடக்கும் புத்தகம்தான்.

வேர்ட்பிரஸ் தளத்தின் அமைப்புகளில், ‘ரீடிங்’ என்ற பகுதியில் ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் குறியிட்டால், ‘இத்தளத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்’ என்று தேடுபொறிகளைக் கேட்டுக்கொள்வதாகப் பொருள். தளம் அரைகுறையாக இருக்கும்போது இது நல்லதே. வேலை முடிந்த பின்னும் அக்குறி அப்படியே இருந்தால், எழுதியவர் தவிர வேறு யார் படிப்பார்?

அடுத்தது எழுத்துரு. 1991-இல் வெளிவந்த முதல் யூனிகோட் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து ஏற்றினால், நம் கண்ணுக்குத் தமிழ். தேடுபொறிக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துகள். தலைப்பைப் படமாக ஒட்டாமல், ஊர்ப்பெயரோடு யூனிகோட்டில் எழுதுவதே நல்லது.

இதெல்லாம் கணினித் துறை மாணவர்களின் வேலை என்று ஒதுங்குவோர் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற எவருக்கும் இது சில நிமிட வேலைதான். நம் தாத்தா பாட்டி பால்மரம் சீவிய தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நாளை ஒரு தம்பியோ தங்கையோ அத்தோட்டத்தின் பெயரைத் தமிழில் தேடும்போது, வெறுந்திரைதான் பதிலாக வேண்டுமா? எழுதுவோம், எழுதியதைக் கண்டெடுக்கவும் வழி செய்வோம்!